இருபத்தேழாம் எண் ஷட்டர்

எங்கள் ஓய்வுபெற்ற தொலைபேசி ஊழியர்களின் ஆண்டு மலருக்குச் சுவையான அனுபவம் ஒன்று எழுதித் தரும்படி கேட்டார்கள். கேட்டவர் இப்போது பணியில் இருக்கும் இளைஞர். "சார், அந்தக் காலத்துல போடி லைன்ல மவுத் ஆர்கன் கேக்கும்னு சொல்றாங்களே, நெசமா? அதையே எழுதுங்க சார், படிக்கிறவங்க சிரிப்பாங்க" என்றார்.

நிஜம்தான். அந்தக் கதையைப் பரப்பியவனே நான்தான். எத்தனையோ பிரிவுபசார விழாக்களில் அதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிறுத்திவிடுவேன். அதற்கு அப்புறம் நடந்ததையும் இந்த முறை எழுதப் போகிறேன். யாரும் சிரிக்க மாட்டார்கள்.

மதுரையில் பி.எஸ்ஸி. முடித்து, அங்கேயே சில மாதம் பயிற்சி பெற்று, எழுபதுகளின் நடுவில் போடிநாயக்கனூர் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். எக்ஸ்சேஞ்ச் என்றால் ஒரு மாடி அறை, அதில் ஆள் உயரத்துக்கு ஒரு மரப் பலகை. பலகையில் ஒவ்வொரு சந்தாதாரருக்கும் ஒரு எண், அந்த எண்ணுக்கு மேலே ஒரு சின்னப் பித்தளை மூடி. மறுமுனையில் ஒருவர் தன் போனின் கைப்பிடியைச் சுற்றினால் இங்கே அவருடைய மூடி விழும், பஸ்ஸர் கரகரக்கும். அந்த மூடியைத்தான் ஷட்டர் என்போம். ப்ளக்கைச் செருகி "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்டு, அவர் சொல்லும் எண்ணோடு வயரால் இணைத்துவிட்டு, ஷட்டரை விரலால் மேலே தள்ளிவிட வேண்டும். ஷட்டர் விழுந்தால் உடனே எடு. பயிற்சியில் முதல் நாளும் கடைசி நாளும் சொல்லித்தந்தது இந்த ஒரு விதியைத்தான்.

ஏலக்காய் ஏலம் நடக்கும் நாட்களில் பலகையில் பாதி மூடிகள் விழுந்து கிடக்கும். வியாபாரிகள் பம்பாய்க்கும் டெல்லிக்கும் டிரங்க் கால் பதிந்துவிட்டு, நிமிடத்துக்கு ஒரு தரம் சுற்றி, "என்ன தம்பி, பம்பாயி கெடச்சுச்சா, இல்ல நா நடந்தே போயிரவா?" என்பார்கள். மற்ற நாட்களில் பலகை தூங்கும்.

மலைக்கு இரண்டு லைன்கள் போயின. ஒன்று போடிமெட்டு வரைக்குமான பொது லைன். மற்றது மலைச்சரிவில் இருந்த ஓர் ஏலக்காய் எஸ்டேட்டுக்கான தனி லைன். அதன் எண் இருபத்தேழு. இரண்டும் ஒரே கம்பங்களில், பக்கத்துப் பக்கத்துப் பீங்கான் குமிழ்களில், கொண்டை ஊசி வளைவுகளைக் குறுக்கே வெட்டி ஏறின. மழைக்கு மரம் சாய்ந்து அறும். யானை முதுகு சொரிந்து கம்பம் சாயும். குரங்குகளுக்கு அது ஊஞ்சல். இவ்வளவையும் மீறி அந்த லைன்கள் உயிரோடு இருந்ததற்குக் காரணம் ஒரே ஆள், எங்கள் லைன் இன்ஸ்பெக்டர் இபுராகிம்.

அவர் பட்டாளத்தில் சிக்னல் பிரிவில் பதினைந்து வருடம் இருந்து ஹவில்தாராக வந்தவர். ஊருக்கு ஹவில்தார் பாய், எனக்கு அண்ணன். பதவியில் எனக்கு மேலே. ஆனால் யாரையும் 'செய்' என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "செஞ்சிரலாமா?" என்பார். அப்படி அவர் கேட்டுவிட்டால் எதிரில் இருப்பவன் எழுந்துவிடுவான், ஏனென்றால் அதற்குள் அவர் பாதி செய்திருப்பார். கம்பத்தில் ஏறுமுன் செருப்பைக் கழற்றி, இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, மலையைப் பார்த்து வைப்பார். எறங்குனதும் அடுத்த கம்பத்துக்குத்தானே போகணும் என்பார். கம்பி முறுக்கினால் ஐந்து சுற்று. நான்குமில்லை, ஆறுமில்லை. அவர் போட்ட மூட்டு விட்டுப்போய் நான் புகார் பதிந்ததில்லை.

பட்டாளக் கதைகள் சொல்ல மாட்டார். ஒன்றே ஒன்று சொன்னார். பனிமலையில் கம்பி இழுத்த காலத்தில் உடன் இருந்த பஞ்சாபி ஒருவரிடம் மவுத் ஆர்கன் கற்றாராம். "பேசுனா வாயில இருக்குற சூடு போயிரும் மாப்ளே. ஊதுனா திரும்ப வரும்" என்றார். அந்தப் பஞ்சாபி என்ன ஆனார் என்று கேட்டேன். "அவனோட வாத்தியந்தான் இது" என்று மட்டும் சொன்னார்.

அந்த மவுத் ஆர்கன் அவருடைய காக்கிப் பையில் குறடுக்கும் சோதனைப் போனுக்கும் நடுவில் இருக்கும். லைனைச் சரிசெய்ததும் கம்பத்தில் இருந்தபடியே சோதனைப் போனின் கிளிப்பைக் கம்பியில் மாட்டி எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட வேண்டும். "ஒன்று, இரண்டு, மூன்று" என்று சொல்லிச் சோதிக்க வேண்டும். எல்லா ஊரிலும் அதுதான் முறை. இபுராகிம் அண்ணன் மட்டும் மவுத் ஆர்கனை எடுத்து ஓரடி வாசிப்பார். கீழேயிருந்து மேலே போய்த் திரும்பி வரும் ஓரடி.

"ஒன்னு ரெண்டுன்னு கத்துனா என்னத்தத் தெரியும்? நீயும் டீயக் குடிச்சிக்கிட்டே ஓக்கேம்ப" என்று விளக்கினார். "இதுல கீழ்க்கட்டை அமுங்குனா பீங்கான் நனைஞ்சு கெடக்குன்னு அர்த்தம். மேல்கட்டை கரகரன்னா எங்கயோ ஜாயிண்டு துருப்பிடிச்சிருக்கு. இது பொய் சொல்லாது மாப்ளே."

ஒருமுறை அவர் வாசித்ததில் நடுவில் ஒரு சுரம் மட்டும் கம்மலாகக் கேட்கிறது என்று சொன்னேன். "ஓ, அந்தப் பலா மரமா" என்று இரண்டு வளைவு கீழே நடந்து போய், காற்றில் கம்பியைத் தொட்டுத் தொட்டு விலகிக்கொண்டிருந்த கிளை ஒன்றை வெட்டிவிட்டுத் திரும்ப வாசித்தார். சுத்தமாகக் கேட்டது. பி.எஸ்ஸி.யில் இயற்பியல் படித்தவன் நான். அந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

ஓரடிக்கு மேல் வாசிக்க மாட்டார். நாங்கள் கெஞ்சினாலும் மாட்டார். "லைன் நம்ம வீட்டுச் சொத்தா? எவனாச்சும் அவசரத்துக்குச் சுத்திக்கிட்டு இருப்பான்" என்று கிளிப்பை எடுத்துவிடுவார்.

முழுப் பாட்டு அவருடைய வீட்டில்தான். ஒருநாள் காலை புகார்ப் பட்டியலைக் கொடுக்கப் போனேன். மூன்று பெண் குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்திருக்க, ஹவில்தார் ஒவ்வொருத்திக்காகச் சடை பின்னிக்கொண்டிருந்தார். வாயில் ரிப்பன்.

"பாத்துக்கங்க தம்பி, பட்டாளத்துல போயி இதத்தான் கத்துக்கிட்டு வந்தாரு" என்றார் அவர் மனைவி ரமீஜா அக்கா.

அவர் ரிப்பனை எடுத்துவிட்டு, "கம்பியும் அஞ்சு சுத்து, சடையும் அஞ்சு சுத்து. சாயந்தரத்துக்குள்ள அவுந்துச்சுன்னா ஏங்கிட்ட கம்ப்ளெயிண்ட் எழுதிக் குடு" என்றார்.

கடைசிப் பெண் நூர்ஜகான், வீட்டில் நூரு. அவளைத் தூங்க வைப்பதற்கென்று அவரே ஒரு மெட்டு உண்டாக்கியிருந்தார். அதற்குப் பெயர் கிடையாது. நூரு பாட்டு என்பார்கள். அதைக் கேட்காமல் அவள் கண் மூட மாட்டாளாம். அன்று எனக்காக வாசித்துக் காட்டினார். ஏறி ஏறிப் போய், உச்சியில் கொஞ்சம் நின்று, பிறகு அவசரமே இல்லாமல் இறங்கிவரும் மெட்டு. பாதியிலேயே நூரு கொட்டாவி விட்டாள். "பள்ளிக்கூடம் போற நேரத்துல தூங்க வச்சிராதீக" என்று அக்கா அதட்டினார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

தேனி எக்ஸ்சேஞ்சில் விஜயா என்று ஒரு ஆபரேட்டர். ஒரு வருடமாகப் பேசிக்கொண்டிருந்தோம், முகம் பார்த்ததில்லை. ஆபரேட்டர்கள் ஒருவரையொருவர் ஊர் பேரால்தான் கூப்பிடுவோம். நான் போடி, அவள் தேனி. ஹவில்தாரின் ஓரடியைப் பற்றி அவளிடம் சொல்லியிருந்தேன். இரண்டு மூன்று தரம் வயரை இணைத்துக் கேட்கவும் வைத்தேன். "இம்புட்டுத்தானா? முழுசா ஒருநாள் போட்டுக் காட்டுங்க போடி, அப்ப ஒத்துக்கிறேன்" என்றாள். எதை ஒத்துக்கொள்வாள் என்று அவள் சொல்லவில்லை. நான் ஒன்றை நினைத்துக்கொண்டேன்.

எழுபதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி. மூன்று நாள் அடைமழை. போடிமெட்டு லைன் அறுந்துவிட்டது. சனிக்கிழமை காலை பஸ்ஸில் ஏறிப் போனவர், மாலை நான்கு மணி தாண்டி ஒரு கம்பத்தில் இருந்து கூப்பிட்டார். ஓரடி வாசித்தார். மழையில் கழுவியது போல இருந்தது சத்தம்.

"சுத்தமா இருக்குண்ணே. தேனியும் கேக்குது. இன்னிக்கு முழுசா வாசிங்க, நூரு பாட்டு."

"சோலி கெடக்கு மாப்ளே. இருட்டுறதுக்குள்ள எறங்கணும்."

"மூணு நிமிசம்ணே. சனிக்கெழம, ஏலமும் முடிஞ்சுபோச்சு. எவன் கூப்பிடப் போறான்?"

"கூப்பிட்டா?"

"கூப்பிட்டா நா எடுக்க மாட்டனா? எஞ் சோலியே அதானண்ணே."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு வாசித்தார்.

சத்தம் கெடக் கூடாதென்று பஸ்ஸரை அணைத்தேன். அதைச் செய்யக் கூடாது. பாட்டு ஏறத் தொடங்கியபோது இருபத்தேழாம் எண் ஷட்டர் விழுந்தது. நான் பார்த்தேன். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் அன்றைய ஏல விலையைக் கேட்கக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். சனிக்கிழமைதோறும் கேட்பார். விரலால் ஷட்டரை மேலே தள்ளினேன். மறுபடி விழுந்தது. மறுபடி தள்ளினேன். மூன்றாம் முறை விழுந்தபோது அப்படியே விட்டுவிட்டேன். பாட்டு அப்போது உச்சியில் நின்றுகொண்டிருந்தது. மறுபக்கம் தேனி மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

பாட்டு முடிந்ததும் அவள், "ஒத்துக்கிட்டேன் போடி" என்றாள். அதற்குப் பிறகுதான் இருபத்தேழில் ப்ளக்கைச் செருகினேன்.

"என்னய்யா, செத்தா போயிட்டீக அங்க? எம்புட்டு நேரமா சுத்துறேன்" என்று ரைட்டர் கத்தினார். "நம்ம பேச்சியம்மாளுக்குப் பிரசவ வலி. பிள்ள குறுக்க கெடக்காம். ரத்தம் போகுது. லேடி டாக்டர இருக்கச் சொல்லு, ஜீப்புல கொண்டுக்கிட்டு வர்றோம். வெரசா சொல்லுய்யா."

பேச்சியம்மாள் அந்த எஸ்டேட்டில் காய் எடுக்கும் பெண். டாக்டர் வீட்டுக்கு இணைத்தேன். வேலைக்கார அம்மாள் எடுத்து, "அம்மா இப்பத்தான மதுரை வண்டிக்குப் பொறப்பட்டாக. ஒரு அஞ்சு நிமிசம் முந்திப் பேசக் கூடாதா?" என்றார். ஸ்டேஷனுக்கு இணைத்தபோது, அங்கே போனை எடுப்பதற்குள் ரயில் ஊதும் சத்தம் என் ஜன்னல் வழியாகவே வந்துவிட்டது.

செய்ய முடிந்ததைச் செய்தோம். விஜயா தேனி ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, டாக்டரை அங்கே இறக்கி, வாடகைக் காரில் திருப்பி அனுப்ப ஏற்பாடு செய்தாள். இன்னும் கம்பத்தில் இருந்த இபுராகிம் அண்ணனிடம் நான் விஷயத்தைச் சொன்னேன். கிளிப் கழன்ற சத்தம்தான் கேட்டது.

எஸ்டேட் ஜீப்பை அவர் வளைவில் மறித்து ஏறிக்கொண்டார் என்று டிரைவர் பிறகு சொன்னார். பனி இறங்கி எதிரே வருவது தெரியாத நிலை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் முன்னால் குதித்து ஓடி, ஏறிவரும் லோடு லாரிகளைக் கையைக் காட்டி நிறுத்தி, ஜீப்பு ஒருமுறைகூட நிற்காமல் திரும்ப வழி செய்தாராம். வேகம் குறையும்போது பின்னால் தொற்றிக்கொள்வாராம். இரண்டு இடத்தில் விழுந்து எழுந்து ஓடினாராம். அவருக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது இருக்கும்.

ஜீப்பு வந்து அரை மணி நேரம் கழித்துத்தான் டாக்டரின் கார் வந்தது. தாய் பிழைத்தாள். ஆண் குழந்தை, பிழைக்கவில்லை. "நான் இங்கேயே இருந்திருந்தால் முயன்று பார்த்திருக்கலாம்" என்றார் டாக்டர். காப்பாற்றியிருப்பேன் என்று அவர் சொல்லவில்லை. அந்த வித்தியாசத்தில் ஒளிந்துகொள்ள நான் வெகுநாள் முயன்றிருக்கிறேன்.

டூட்டி முடிந்து நான் போனபோது டாக்டர் வீட்டு வராந்தாவில் இபுராகிம் அண்ணன் நனைந்த காக்கியோடு நின்றார். முழங்கை உரிந்து ரத்தம் கட்டியிருந்தது. ரைட்டர், தான் சுற்றியதையும் யாரும் எடுக்காததையும் அவரிடம் சொல்லியிருந்தார். அண்ணன் என்னைத் தனியே அழைத்தார்.

"மாப்ளே, ஷட்டர் விழலயா?"

"விழலண்ணே."

"நெசமா?"

"நெசமாண்ணே. விழுந்தா எடுத்திருக்க மாட்டனா?"

அவர் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப ஏங் கிளிப்பு பக்கத்துக் கம்பியத் தொட்டிருக்கு. ரெண்டு லைனும் ஒட்டிக்கிருச்சு. அதான் உனக்கு வரல" என்றார். அவராகவே எனக்கு ஒரு காரணம் செய்து கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். அதையே பதிவேட்டில் எழுதினேன்: 'சோதனையின்போது இரு லைன்களும் ஒட்டியதால் 27-இன் அழைப்பு வரவில்லை.'

மறுநாள் ஞாயிறு. அவர் மலைக்குப் போய் அதே கம்பத்தில் ஏறி வெகுநேரம் பார்த்தாராம். இரண்டு கம்பிகளுக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி இருந்தது. "எப்புடித் தொட்டுச்சுன்னே தெரியல மாப்ளே" என்றார் என்னிடம். முப்பது வருடம் கம்பியோடு வாழ்ந்தவருக்குத் தன் கையின் மேல் முதல் முறையாகச் சந்தேகம் வந்தது.

எஸ்டேட் முதலாளி புகார் கொடுத்தார். மேலதிகாரி ஒருவர் வந்து விசாரித்தார். இபுராகிம் அண்ணன் விறைப்பாக நின்று, "டூட்டி நேரத்துல வாசிச்சேன் சார். அதனால ஒரு உசுரு போச்சு. தப்பு என்னுது" என்றார்.

"யாராவது உங்களை வாசிக்கச் சொன்னார்களா?"

"வாத்தியம் என்னுது சார்."

நான் இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. அவருடைய பணிப் பதிவேட்டில் ஒரு கண்டனம் ஏறியது. என்னுடையதில் ஒன்றும் ஏறவில்லை. நான் ஓய்வு பெற்றபோது அதைக் களங்கமற்ற பணி என்று பாராட்டினார்கள்.

அடுத்த முறை லைன் அறுந்து சரியானபோது கம்பத்தில் இருந்து "ஒன்னு, ரெண்டு, மூணு" என்று குரல் வந்தது. அதன் பிறகு எப்போதும் அப்படித்தான். விஜயாவை நான் மணந்தேன். கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வந்தார். எல்லோரும் வாசிக்கச் சொன்னபோது, "பல்லு ஆடுது மாப்ளே, ஊத முடியல" என்று சிரித்து என் கையைப் பிடித்து அழுத்தினார். அன்று பந்தியில் அவர் முறுக்கைக் கடித்ததைப் பார்த்தேன்.

எண்பதுகளின் இறுதியில் அவர் ஓய்வு பெற்றார். எனக்கு இடமாற்றங்கள் வந்தன. ஆனால் போடிக்குப் போகும்போதெல்லாம் அவரைப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட நினைத்துப் போய், டீ குடித்துவிட்டு வந்திருக்கிறேன். விஜயாவிடமும் சொல்லவில்லை. அவள் ஒத்துக்கொண்ட பாட்டு அது. இப்போது இருவருமே இல்லை.

போன மாதம் இந்தக் கட்டுரையை, இதுவரை உள்ளதை, எழுதி எடுத்துக்கொண்டு போடிக்குப் போனேன். நூர்ஜகான் அங்கே ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறாள். அவள் எதிரில் உட்கார்ந்து முழுவதையும் வாசித்தேன். முடித்ததும் அவள் சொன்னாள்:

"பெருநாளைக்குப் பெருநாள் அத்தா பேச்சியம்மாக்கா வீட்டுக்குச் சாப்பாடு கொண்டு போவாரு மாமா. வாசல்லயே நின்னு குடுத்துட்டு வந்துருவாரு. அவுக உள்ள கூப்பிடுவாக, போக மாட்டாரு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எனக்கு அப்ப ஆறு வயசு. அத்தா பாட்ட நிறுத்திட்டாரு. ஏன்னு கேட்டா பேச மாட்டாரு. நாந்தான் என்னமோ தப்புப் பண்ணிட்டேன், அதான் எம் பாட்ட வாசிக்க மாட்டேங்குறாருன்னு நெனச்சேன். ரொம்ப வருசம் அப்புடித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

மன்னிப்புக் கேட்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை. அவளும் அதற்கு இடம் வைக்கவில்லை. எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். "பேச்சியம்மாக்கா இருக்காக மாமா. பொட்டிபுரத்துல, மகன் வீட்டுல. அந்தப் பிள்ளைக்கு அப்பறம் பொறந்தவன். அச்சுக்குக் குடுக்குறதுக்கு முந்தி அங்க போயி வாசிச்சிருங்க" என்றாள்.

நாளைக் காலை பஸ்ஸில் போகிறேன். அதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அந்தப் பதிவேடு இன்று எங்கும் இருக்காது, எப்போதோ எடைக்குப் போயிருக்கும். ஆகவே அன்று அதில் நான் எழுதியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

சனிக்கிழமை, மாலை. எண் 27 ஷட்டர் மூன்று முறை விழுந்தது. ஆபரேட்டர் மூன்று முறையும் பார்த்தார். பாட்டு முடியும்வரை எடுக்கவில்லை. வாசிக்கச் சொன்னவரும் அவரே. லைனில் எந்தப் பழுதும் இல்லை.